வெட்டிய இரும்பு எங்கே போகிறது?

போன கோடையில் எங்கள் வீட்டுக்கு ஏ.சி. மாட்ட வந்தவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சுருளாக வந்த செப்புப் பைப்பை நீட்டி அளந்து, பேனாவால் ஒரு கோடு போட்டார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு சாமானை எடுத்து அந்தக் கோட்டில் மாட்டினார். குமிழைக் கொஞ்சம் திருகுவார், பைப்பைச் சுற்றி ஒரு சுற்று விடுவார், மறுபடி கொஞ்சம் திருகுவார். ஏழெட்டுச் சுற்றில் பைப்பு சத்தமே இல்லாமல் இரண்டாகிவிட்டது. தரையில் ஒரு துளி செப்புத் தூள் கிடையாது.

“ஆக்சா பிளேடு இருந்தா நாலு இழுப்புல முடிஞ்சிருக்குமே தம்பி?” என்று கேட்டேன்.

“தூள் உள்ளே போச்சுன்னா கம்ப்ரஸர் காலி சார்.”

எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை. நான் ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தவன். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய பட்டறைக்குக் கருவி வரைந்து கொடுக்கிற வேலையிலும் இருந்தேன். பைப்பையும் வெட்ட வேண்டும், கம்பியையும் வெட்ட வேண்டும், கரண்ட் கூடாது, ஒரே கருவியாக இருக்க வேண்டும். அதுதான் எங்களுக்கு வந்த ஆர்டர். நான்கு மாதம் மெனக்கெட்டோம், உருப்படியாக ஒன்றும் வரவில்லை. நாங்கள் வெட்டும் விசையையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். வெட்டுகிற இடத்தில் இருக்கும் உலோகம் எங்கே போகப்போகிறது என்று கேட்கவே இல்லை.

வெட்டுவது என்றால் அந்தக் கோட்டில் இருக்கும் உலோகத்தை அங்கிருந்து கிளப்புவது. தூளாக்கி வெளியே தள்ளலாம், பக்கவாட்டில் ஒதுக்கலாம், அல்லது ஒரு துண்டை இன்னொன்றின் மேல் வழுக்கிப் பிய்த்து விடலாம். ஆக்சா பிளேடு, சக்கர கட்டர் (ஏ.சி.க்காரர் சட்டைப் பையிலிருந்து எடுத்தது), இரண்டு நீளக் கைப்பிடியை அமுக்கிக் கம்பியைத் துண்டிக்கும் போல்ட் கட்டர் மூன்றும் இதே வரிசையில் இந்த மூன்று வழிகள்தான். பைப்புக்கு எது சரி, கம்பிக்கு எது சரி என்பதையும் இதுவே முடிவு செய்கிறது. உலோகம் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு இதில் பங்கு குறைவு.

நம்ப முடியவில்லையா? கட்டட வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம்: கம்பியின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுத்தால் 890 கிராம். அரை அங்குல மீடியம் ஜி.ஐ. பைப்பு, அதாவது துத்தநாகம் பூசி நீலப் பட்டை போட்ட இரும்புக் குழாய், மீட்டருக்கு 1.2 கிலோ வரும். உள்ளே காலியாக இருக்கிற பைப்பில்தான் இரும்பு அதிகம். ஆனாலும் சக்கர கட்டரைப் போட்டால் அந்தப் பைப்பு இரண்டு நிமிடத்தில் விழும். அதே கட்டரை 12 மி.மீ. கம்பியில் போட்டால் சக்கரம்தான் உடையும்.

முதலில் ஆக்சா பிளேடு. ஐ.டி.ஐ.யில் பிட்டருக்கு அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கையோடு இதைத்தான் கையில் கொடுப்பார்கள். 300 மி.மீ. நீளம், 12.5 மி.மீ. அகலம், ஒரு மி.மீ.கூட இல்லாத தடிமன். இவ்வளவு மெல்லிய தகட்டைத் தள்ளி வெட்டச் சொல்வதே விநோதம், தள்ளினால் அது வளைந்துகொள்ளத்தானே பார்க்கும்? அதனால்தான் சட்டம். சட்டத்தின் வேலை பிளேடைப் பிடித்துக்கொள்வது மட்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு வில். பின்பக்க மரையை முறுக்கும்போது பிளேடு நாண் மாதிரி விறைக்கிறது, நல்ல சட்டத்தில் இந்த இழுவிசை நூறு கிலோவைத் தாண்டும். இருபது, முப்பது ரூபாய் மிச்சம் பிடிக்கத் தகட்டை வளைத்துச் செய்த சட்டங்களில் இது வராது. பிளேடு கோணலாக ஓடுகிறது, கை சரியில்லை என்று வெட்டுகிறவர் திட்டு வாங்குகிறார்.

அடுத்தது பல். கடையில் அங்குலத்துக்கு 14, 18, 24, 32 பல் என்று கிடைக்கும். எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று பல்லாவது உலோகத்தின் மேல் இருக்க வேண்டும் என்பது பழைய பட்டறை விதி. 12 மி.மீ. கம்பியை 18 பல் பிளேடால் வெட்டினால், நடுவே வரும்போது எட்டுப் பல் ஒரே நேரத்தில் கடித்துக்கொண்டிருக்கும். பிரச்சினையே இல்லை. பைப்பில்தான் வில்லங்கம். வெட்ட ஆரம்பிக்கும்போது பைப்பின் முதுகில் பிளேடு நீளமாகப் படுகிறது, சுகமாக ஓடுகிறது. பாதிக்கு வந்ததும் பிளேடுக்கு அடியில் இருப்பது இரண்டு சுவர் மட்டும், ஒவ்வொன்றும் 2.6 மி.மீ. தடிமன். 14 பல் பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 1.8 மி.மீ. அப்படியென்றால் ஒரு சுவரின் மேல் இருப்பது ஒன்று அல்லது இரண்டு பல். அடுத்த பல் அந்தச் சுவரை மேலிருந்து சீவுவதில்லை, பக்கவாட்டில் போய் மோதுகிறது. ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் வரும், நிறுத்திப் பார்த்தால் பிளேடில் நாலு பல் இருக்காது. 32 பல் போட்டால் தப்பிக்கலாம். அல்லது அனுபவஸ்தர்கள் செய்வதைப் போலச் சுவர் அறுந்து ஓட்டை தெரிந்ததுமே பைப்பைக் கொஞ்சம் திருப்பி, புதிய இடத்திலிருந்து வெட்டலாம். இப்படியே சுற்றிக்கொண்டு வந்தால் பிளேடு எப்போதும் பைப்பின் முதுகிலேயே இருக்கும்.

அந்தத் திருப்பல்தான் சக்கர கட்டரின் பிறப்பு என்று எனக்குத் தோன்றும். வரலாறு அப்படித்தானா என்பது வேறு விஷயம், யோசனை அதுதான்.

பிளேடின் பற்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பதில்லை, இடமும் வலமுமாகக் கொஞ்சம் விலகியிருக்கும். நுண்பல் பிளேடுகளில் அது அலையாகத் தெரியும். பிளேடைவிட அகலமாகப் பள்ளம் விழுந்தால்தான் பிளேடு சிக்காமல் ஓடும். தேயத் தேய இந்த விலகலும் தேய்கிறது, பள்ளம் குறுகுகிறது. பாதி வெட்டில் பழைய பிளேடு போய்விட்டால் புதியதை மாட்டி அதே பள்ளத்தில் விடக் கூடாது என்பது இதனால்தான். புதியது அகலம், பள்ளம் ஒடுக்கம், முதல் தள்ளிலேயே இறுகி முறியும். பைப்பைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து வெட்டி வர வேண்டும். முதல் வருடத்தில் எல்லோரும் ஒரு பிளேடாவது முறித்துத்தான் இதைக் கற்றுக்கொள்வார்கள். நான் மூன்று.

சரி, ஆக்சா எல்லாவற்றையும் வெட்டும் என்றால் வேறு கருவி எதற்கு? அந்த ஏ.சி.க்காரர் சொன்ன தூள்தான் காரணம். அரை அங்குல ஜி.ஐ. பைப்பில் சுவரின் குறுக்குப் பரப்பு சுமார் 150 சதுர மி.மீ. பள்ளம் ஒரு மி.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வெட்டிலும் 150 கன மி.மீ. இரும்பு தூளாகிறது. ஒரு கிராமுக்குச் சற்று மேல். தண்ணீர் பைப்பில் அது குழாயின் வடிகட்டியில் போய் உட்காரும், தொல்லை அவ்வளவுதான். ஏ.சி. பைப்பில் அப்படி விட முடியாது. இப்போது வரும் ஆர்-410ஏ, ஆர்-32 என்ற குளிரூட்டும் வாயுக்கள் பழைய ஆர்-22-ஐவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் அழுத்தத்தில் ஓடுகின்றன. பைப்பின் வாயைப் புனல் மாதிரி விரித்து நட்டில் இறுக்குகிறார்களே, அந்த விளிம்பில் ஒரு பிசிறு, ஒரு கோணல் இருந்தாலும் வாயு கசியும்.

சக்கர கட்டரில் தூளே வராது, அது எதையும் எடுப்பதில்லை. கூரான விளிம்புள்ள ஒரு சின்னச் சக்கரம், எதிரே இரண்டு உருளைகள், பைப்பு நடுவில். மூன்று புள்ளிகளில் பிடித்து இறுக்குவதால் பைப்பு நசுங்காமல் வட்டமாகவே நிற்கிறது. சக்கரம் ஒரு நேரத்தில் பைப்பைத் தொடுவது ஒரு புள்ளியில்தான். அதனால்தான் விரல் நுனியால் திருகுகிற விசையே போதுமானதாக இருக்கிறது. 20 மி.மீ. விட்டமுள்ள குமிழ், ஒரு மி.மீ. இடைவெளி மரை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு விரல் 63 மி.மீ. நகர்கிறது, சக்கரம் ஒரு மி.மீ. நகர்கிறது. கணக்குப்படி 63 மடங்கு. பாதிக்கு மேல் மரையின் உராய்வே தின்றுவிடும். வீண்தான், ஆனால் அந்த உராய்வு இல்லாவிட்டால் கையை எடுத்ததும் குமிழ் தானாகப் பின்னால் சுழன்றுவிடும். தானாகக் கழலாத மரை என்றாலே, போடும் உழைப்பில் பாதிக்குமேல் இழப்பது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சுற்றுக்கு எவ்வளவு திருகுவது? கால் சுற்று போதும். நம் மரையில் அது கால் மி.மீ., செப்புப் பைப்பின் சுவரோ முக்கால், 0.8 மி.மீ. அவசரப்பட்டு முழுச் சுற்றுத் திருகினால் பைப்பு முட்டை வடிவமாகிவிடும். ரொம்பப் பயந்து தொட்டும் தொடாமல் சுற்றினால் வேறு வினை. செம்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் நசுக்க நசுக்கக் கெட்டிப்படுகிற ஜாதி. குறிப்பாக ஸ்டெயின்லெஸ்ஸில் சக்கரம் வெட்டாமல் வெறுமனே உருண்டுகொண்டிருந்தால், அந்த வரி மட்டும் கெட்டியாகி அப்புறம் எந்தச் சக்கரமும் இறங்காது.

வரைபடத்தில் தெரியாத ஒரு விஷயத்தில்தான் இந்தக் கருவி நல்லதா மோசமா என்பது இருக்கிறது. அது ஆட்டம். சக்கரம் பைப்புக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் ஊசி கொஞ்சம் லூசாக இருந்தாலும், சறுக்கும் பகுதியில் ஒரு மயிரிழை ஆட்டம் இருந்தாலும், ஒரு சுற்று முடிந்து திரும்பும்போது சக்கரம் தொடங்கிய இடத்துக்கு வந்து சேராது. கொஞ்சம் தள்ளி வரும். அடுத்த சுற்றில் இன்னும் தள்ளி. பைப்பில் மரை போட்ட மாதிரி ஒரு கோடு ஏறிக்கொண்டே போகும், வெட்டே விழாது. மலிவுக் கட்டர் வாங்கியவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். நாங்கள் முதலில் செய்து பார்த்த நான்கு மாதிரிகளில் மூன்று இப்படித்தான் மரை போட்டன.

ஒதுக்கப்பட்ட உலோகம் போன இடத்தைப் பார்க்க வேண்டுமானால் வெட்டிய பைப்பின் வாயில் விரலை விடுங்கள். (மெதுவாக, கிழித்துவிடும்.) உள்பக்கமாக மடிந்த ஒரு உதடு இருக்கும். அரை அங்குல ஜி.ஐ. பைப்பின் உள்விட்டம் சுமார் 16 மி.மீ. சுற்றிலும் ஒரு மி.மீ. உதடு வந்தால் அது 14 ஆகிவிடும், தண்ணீர் போகிற வழியில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகப் போச்சு. ரீமர் போட்டு உதட்டைச் சீவி எடுக்கச் சொல்வது இதற்காக. நம் ஊரில் எத்தனை பேர் செய்கிறார்கள்? ஏ.சி.க்காரர் செய்தார், அதுவும் பைப்பின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு. சீவிய பிசிறு உள்ளே விழுந்தால் முதலில் தூளைத் தவிர்த்ததற்கு அர்த்தமே இல்லையே. கட்டரோடு மடக்கு ரீமரைச் சேர்த்தே செய்வது வடிவமைப்பில் ஒரு நல்ல முடிவு. தனியாகக் கொடுத்தால் பெட்டியிலேயே தூங்கும்.

இப்போது கம்பிக்கு வருவோம். கம்பிக்கு உள்ளே காலி இடம் இல்லை. சக்கரம் இறங்க இறங்க அது ஒதுக்குகிற உலோகம் பக்கவாட்டில்தான் போக வேண்டும், பக்கத்திலும் கெட்டி இரும்பு. விறகில் சிக்கிய ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் இறுகுகிறது. எங்கள் மாதிரியில் 10 மி.மீ. மெது இரும்புக் கம்பியில் இரண்டு மி.மீ. வரை நன்றாக இறங்கியது. அதற்குமேல் திருகத் திருகச் சட்டம் விரிந்ததே தவிர சக்கரம் அசையவில்லை. கடைசியில் சக்கரத்தின் விளிம்பு பிறை மாதிரி பெயர்ந்து விழுந்தது. பெரிய சக்கரம், கெட்டியான சட்டம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தோம். கம்பி அப்படியே இருந்தது, கருவிதான் கனத்துக்கொண்டே போனது.

கம்பியை ஒரே மூச்சில் பிய்ப்பதுதான் வழி. போல்ட் கட்டர் அதைச் செய்கிறது, அதற்கு அது கேட்கும் விலையைப் பாருங்கள். கட்டடத்துக்கு வரும் எப்.இ. 500 ரகக் கம்பி இழுத்தால் சதுர மி.மீ.க்கு 545 நியூட்டனாவது தாங்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. வெட்டுவதற்கு அதில் பத்தில் ஆறு பங்கு என்று போட்டால் சுமார் 330. 8 மி.மீ. கம்பியின் பரப்பு 50 சதுர மி.மீ., ஆகவே தாடையில் வேண்டிய விசை 1.7 டன் பக்கம். மனுஷன் இரண்டு கையாலும் சௌகரியமாக அமுக்கக்கூடியது 25 கிலோ என்று வையுங்கள். 68 மடங்கு பெருக்க வேண்டும். 600 மி.மீ. கைப்பிடிக்கு எதிரே 30 மி.மீ. தாடை, நேர் நெம்புகோலில் 20 மடங்குதான் வரும். மீதியை அடைய ஒரு நெம்புகோல் இன்னொன்றைத் தள்ளுகிற மாதிரி இரட்டை இணைப்பு வைக்கிறார்கள். போல்ட் கட்டரின் தலையில் அத்தனை ஆணிகள் இருப்பது அதற்கு.

ஆனால் நெம்புகோல் எதையும் இலவசமாகத் தராது. விசை 68 மடங்கு என்றால் தூரமும் 68 மடங்கு. தாடை 8 மி.மீ. மூட, கைப்பிடிகள் அரை மீட்டருக்கு மேல் நெருங்கி வர வேண்டும். கையை அகல விரித்தால் முடியும். 12 மி.மீ. கம்பிக்கு? பரப்பு 113, விசை 3.8 டன், பெருக்கம் 150 மடங்கு, கை நகர வேண்டிய தூரம் 1.8 மீட்டர்! என் உயரத்தைவிட அதிகம். நிஜத்தில் கம்பி முழுவதும் வெட்டுப்படுவதற்கு முன்பே ‘டப்’ என்று பிய்ந்துவிடும், இணைப்பின் விகிதமும் வழியெல்லாம் ஒரே மாதிரி இருக்காது. அதனால் கணக்கு கொஞ்சம் இளகும். இருந்தும் ஒரே அமுக்கில் வெட்டுவது இந்த அளவுக்குமேல் நடக்காது என்பது மாறாது. அதற்குமேல் போக, பல தடவை அமுக்குகிற ராட்செட் வேண்டும், அல்லது ஹைட்ராலிக் கைப்பம்பு வேண்டும். இரண்டிலும் கை போகிற மொத்தத் தூரம் குறைவதில்லை, சின்னச் சின்னத் தவணைகளாகக் கட்டுகிறோம்.

போல்ட் கட்டரில் பைப்பை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். வாய் இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும். தாடையின் டெம்பர், அதாவது சூடுபோட்டு ஏற்றுகிற கெட்டித்தன்மை, இன்னொரு தலைவலி. கெட்டியாக வைத்தால் விளிம்பு பெயரும், இளக்கமாக வைத்தால் நடுவில் குழி விழும். ஸ்பிரிங் கம்பியைப் போல்ட் கட்டரில் வெட்டாதே என்று எழுதிப் போட்டிருப்பார்கள். அந்தக் கம்பி தாடையளவுக்கே டெம்பர் ஏறியது, பெயர்கிற துண்டு எங்கே பாயும் என்று சொல்ல முடியாது.

இந்த மூன்றுக்கும் வெளியே நிற்கிற ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. பழைய கட்டடங்களில் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் வார்ப்பிரும்புக் கழிவுநீர்க் குழாய். அதை வெட்டவே வேண்டாம், உடைத்தால் போதும். சைக்கிள் செயின் மாதிரி ஒரு சங்கிலி, கண்ணிக்கு ஒரு சக்கரம். குழாயைச் சுற்றிப் போட்டு இறுக்கினால் எல்லாச் சக்கரமும் ஒரே வட்டத்தில் கடிக்கும், ஒரு கட்டத்தில் குழாய் அந்த வட்டத்திலேயே ‘படார்’ என்று விடும். வார்ப்பிரும்பு வளையத் தெரியாத உலோகம், அந்தக் குறையையே கருவியாக்கிவிட்டார்கள்.

கரண்டில் ஓடும் கிரைண்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கட்டடம் எழும்பும்போது கிரைண்டரே ராஜா. குடியிருக்கிற வீட்டில், கேஸ் லைன் பக்கத்தில், கண்ணாடி பதித்த குளியலறையில் பொறி பறக்கிற மிஷினை எடுத்துப் பாருங்கள், வீட்டுக்காரம்மா என்ன சொல்கிறார் என்று தெரியும்.

கடைசியில் அந்த ஆர்டருக்கு நாங்கள் சொன்ன பதில்: ஒரு நல்ல ஆக்சா சட்டம், கூடவே ஒரு சக்கர கட்டர், இரண்டும் ஒரே உறையில். வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை. புதுமை எங்கே என்றார். ஆனால் சக்கர கட்டரில் நாங்கள் பட்ட பாட்டில் இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று அளவு. அரை அங்குல ஜி.ஐ. பைப்பில் எங்கேயும் அரை அங்குலம் கிடையாது, வெளிவிட்டம் 21.3 மி.மீ. இரண்டு அங்குலப் பைப்பு என்றால் 60.3. ஏ.சி.யின் அரை அங்குலச் செப்புப் பைப்போ வெளிவிட்டமே சரியாக 12.7. பெட்டியின் மேல் ‘அரை அங்குலம்’ என்று அச்சடித்தால் இரண்டு தொழில்காரர்களும் வேறு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்று கைப்பிடி. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நியாஷ் 2004-ல் வெளியிட்ட கைக்கருவிக் கையேடு, பலம் போட்டுப் பிடிக்கிற பிடிக்கு 32 முதல் 51 மி.மீ. விட்டம் சொல்கிறது. எங்கள் குமிழ் 20. அதைப் பெரிதாக்கினால் கட்டர் சுவரோரமாகச் சுற்ற இடம் இருக்காது. பைப்பைச் சுற்றி முழு வட்டம் போக வேண்டிய கருவியில் ஒவ்வொரு மி.மீ.க்கும் சண்டை. முழுச் சுற்று முடியாத இடத்துக்கு நான்கு சக்கர கட்டர் இருக்கிறது. கால் வட்டத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். ஆனால் நான்கு சக்கரமும் ஒரே கோட்டில் ஓட வேண்டும், ஒரு சக்கரத்துக்கே நாங்கள் பட்டது போதும்.

ஏ.சி.க்காரர் கிளம்பும்போது அவருடைய கட்டரை வாங்கிப் பார்த்தேன். சக்கரம் மழுங்கியிருந்தது, அவரும் ரெண்டு நாளாகக் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கிறது என்றார். குமிழின் மூடியைத் திருகிக் கழற்றிக் காட்டினேன். உள்ளே ஒரு புதுச் சக்கரம், எண்ணெய்ப் பிசுக்கோடு, வாங்கிய நாளிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது. “ஒரு வருஷமா இதைச் சுமந்துட்டு அலையறேனா சார்?” என்று சிரித்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்து மாற்ற ஆரம்பித்தார்.